பிஷப் பாலம் தாண்டும் நாள்

டிரம்லாவன்,
பெர்மானா மாவட்டம்.
2019 அக்டோபர், இரண்டாவது வியாழன்.
காலையிலிருந்து மழை.

பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துப் பெரிய கட்டடத்தில் லிஃப்டுகளைப் பராமரித்து வரும் என் அருமை மருமகன் கீரன் டோலனுக்குத் தாய்மாமன் பார்னி காசிடி ஆசி கூறி அனுப்புவது. இங்கே நானும் பசுக்களும் கோழிகளும் நலம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும், நீ எண்ணெய் போடுகிற லிஃப்டுகளும், ஏறினது இறங்கி இறங்கினது ஏறி ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கர்த்தரையும் அவருடைய தாயாரையும் வேண்டிக்கொள்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய சாக்லேட் வந்து சேர்ந்தது. உள்ளே சாராயம் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மெர்வின் முகர்ந்து கண்டுபிடித்துவிட்டார்.

எழுதுவது நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் இருந்த காலம் முழுக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கணப்பு அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. அடுப்பு ஒரு நாளும் அணைந்ததில்லை, எழுத்து ஒரு நாளும் ஏறியதில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் மெர்வின் எலியட். அதே மெர்வின்தான், மேட்டுச் சாலையில் சுங்கச் சாவடிக் கொட்டகையில் முப்பது வருஷம் உட்கார்ந்து எங்கள் வண்டிகளைக் குடைந்த அதே ஆபீசர். ஓய்வு பெற்றபின் வியாழக்கிழமை தோறும் சீட்டாட என் வீட்டுக்கு வருகிறார். நான் பேசுகிறபடியே எழுதச் சொன்னால் கேட்பதில்லை; மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியே கை பழகிவிட்டது. ஆகையால் இதில் பெரிய வார்த்தை எது வந்தாலும் அது அவருடையது, விஷயம் மட்டும் என்னுடையது.

விஷயம் பிஷப்பைப் பற்றியது. உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் உன் லிஃப்டில் ஏறுகிற பெரிய மனிதர்களுக்கு நீ எடுத்துச் சொல்ல வசதியாக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உன் அம்மா பிரைடி, என் தங்கை, தன்னுடைய கடைசி வருஷத்தில் ஒரு கறுப்புக் காளைக்கன்றை அடுப்படியில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தலையை மெதுவாகத் தூக்கி வருகிறவர் போகிறவரையெல்லாம் ஆசீர்வதிக்கிற மாதிரி பார்க்கும் என்று பிஷப் என்று பேர் வைத்தவளும் அவள்தான். பிறகு ஆஸ்பத்திரியில் படுத்தாள். உன் அப்பன் மாலக்கியைக் கட்டிலுக்கு அந்தப் பக்கமும் என்னை இந்தப் பக்கமும் நிற்க வைத்து, "பிஷப் உங்க ரெண்டு பேருக்கும். மே மாசம் பொறந்தா ஆறு மாசம் இவரு வீட்ல, நவம்பர் பொறந்தா ஆறு மாசம் அண்ணன் வீட்ல. விக்கக் கூடாது, வெட்டக் கூடாது" என்று சொன்னாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவள் சொன்னால் கேட்டுத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கம்.

அன்று முதல் அப்படியேதான் நடந்து வருகிறது. ஓடைக்கு வடக்கே என் வீடு, லண்டன் அரசாங்கம். தெற்கே உன் அப்பன் வீடு, டப்ளின் அரசாங்கம். நடுவில் ஒரு டிராக்டர் முக்கி முனகிப் போகிற அகலத்துக்கு ஒரு கல்பாலம். பிஷப்புக்கு இடது காதில் பதிவு எண் போட்ட லண்டன் தோடு, வலது காதில் டப்ளின் தோடு. பாலத்தின் நடுவில் கயிறு கைமாறும். கயிறு கொடுக்கிறவர் உள்ளங்கையில் எச்சில் துப்பி மற்றவர் கையில் ஓர் அறை அறைந்து, மாடு ராசியாக இருக்கட்டும் என்று ஒரு காசும் கொடுக்க வேண்டும். அது சந்தை வழக்கம். நாங்கள் கொடுப்பது காளை உருவம் போட்ட பழைய ஷில்லிங். இரண்டு அரசாங்கத்திலும் செல்லாது. அந்த ஒரே காசுதான் மே மாதம் அங்கே போய் நவம்பரில் இங்கே வருகிறது. அதன்பின் மாடு யார் வீட்டுக்கு வந்ததோ அவர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. உப்பிட்ட பன்றி இறைச்சி, முட்டைக்கோஸ், தோல் வெடிக்க வெந்த உருளைக்கிழங்கு, கடைசியில் திராட்சை போட்ட ரொட்டி. மெர்வினுக்கும் ஒரு தட்டு உண்டு. மற்ற நாட்களில் நான் உன் அப்பன் வீட்டுக்குப் போவதில்லை, அவனும் இங்கே வருவதில்லை. வந்து என்ன பேசுவது. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக மிச்சம் இருக்கிறவர் பிஷப் ஒருவர்தான்.

(மாட்டுக்கு 'அவர்', மைத்துனருக்கு 'அவன்'. சொன்னபடியே எழுதியிருக்கிறேன். — மெ. எ.)

இந்தப் பாலத்துக்குத் தொல்லை புதிதும் இல்லை. உன் அம்மா கல்யாண வருஷம் லண்டன் பட்டாளத்துக்காரன் வெடி வைத்து இதை உடைத்தான், துப்பாக்கிக்காரர்கள் இந்த வழியாக வருகிறார்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே மண்வெட்டியோடு போய்க் கல்லும் மண்ணும் கொட்டி மூடினோம். திங்கட்கிழமை அவன் மறுபடி உடைத்தான். அடுத்த ஞாயிறு நாங்கள் மறுபடி. கல்யாணம் ஒரு புதன்கிழமை, அதாவது பாலம் உடைந்த கிழமையில் வந்துவிட்டது. மாலக்கி வீட்டார் கேக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டுச் சாலையில் ஊரைச் சுற்றி வந்தார்கள். சாவடியில் மெர்வின். அப்போது மீசை வைத்திருந்தார், சின்ன வயசு, தொப்பி அவரைவிடப் பெரிசு. கேக் மேல் மூக்கை வைத்து, "இதுல விஸ்கி இருக்கு, தீர்வை கட்டணும்" என்றார். மாலக்கியின் சித்தி, "அது கேக் குடிச்ச விஸ்கி ஆபீசர், நாங்க குடிச்சது இல்ல" என்றாள். இவர் விடவில்லை. பாட்டில் ஏதும் ஒளித்திருக்கிறதா என்று கத்தியை உள்ளே விட்டுப் பார்த்தார். அந்தக் குத்தோடுதான் கேக் மேசைக்கு வந்தது. பிரைடி அந்த ஓட்டையில் ஒரு ரோஜாவைச் செருகிவிட்டுச் சிரித்தாள்.

(இரண்டு குத்து. ஒன்றுதான் விதி. இரண்டாவது குத்துக்காக இன்றும் வருந்துகிறேன். — மெ. எ.)

இப்போது டப்ளின்காரர்கள் உள்ளேயே இருக்க, லண்டன்காரர்கள் ஒன்றியத்தை விட்டு வெளியே போகிறார்கள். மூன்று வருஷமாகப் போகிறார்கள். என் கணக்கில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று பேசுகிற விருந்தாளி மாதிரி. வீட்டுக்குள் குளிர் அடிப்பதுதான் மிச்சம். முதலில் மார்ச் கடைசி என்றார்கள். பிறகு ஏப்ரல் என்றார்கள். கடைசியில், வருஷத்தில் இத்தனை நாள் கிடக்க, தேடிப் பிடித்து அக்டோபர் முப்பத்தொன்று இரவு என்று குறித்திருக்கிறார்கள். பிஷப் என் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய நாள் அதற்கு மறுநாள் காலை. உன் கட்டடத்தில் இந்தத் தேதியைக் குறித்தவர் யாராக இருந்தாலும் மாடு வளர்த்தவராக இருக்க முடியாது.

போன மாதம் மாலக்கி போன் பண்ணினான். போனில் பேசுகிற ஆள் இல்லை அவன், உனக்கே தெரியும்.

"மச்சான், அன்னைக்கு ராத்திரி மாடு எந்தப் பக்கம் நிக்குதோ, அப்புறம் சாகுற வரைக்கும் அந்தப் பக்கந்தான்."

"யாரு சொன்னா?"

"ரேடியோவுல சொல்றான்."

"பிஷப் பேரைச் சொன்னானா?"

"மாடுன்னு சொன்னான். பிஷப்பு மாடுதானே."

 வெள்ளிக்கிழமை தொப்பியைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன். மே மாதச் சாப்பாட்டுக்கு அல்லாமல் நான் அந்த வீட்டுப் படி ஏறினது உன் அம்மா போன பிறகு அதுதான் முதல் தடவை. நாய்க்கே அடையாளம் தெரியவில்லை. மாலக்கி கெட்டிலை ஏற்றி, பன்றி இறைச்சியை வெட்டித் தட்டில் வைத்துவிட்டு, "நாமளாவது ஒழுங்கா பிரிஞ்சுக்கலாம் மச்சான். நீயே வச்சுக்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. "தானம் வாங்கவா நான் ஓடை தாண்டி வந்தேன். நீயே வச்சுக்க" என்றேன். அவனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "அவ பாதிதான் குடுத்தா. முழுசா வாங்கிக்க எனக்கு உரிமை இல்ல" என்றான். இப்படி 'நீ வச்சுக்க, நீ வச்சுக்க' என்று இரண்டு பேரும் மேசையைத் தட்டிக்கொண்டோம். எழுபது வருஷமாகச் சந்தை பார்த்தவன் நான், மாட்டை வேண்டாம் என்று சண்டை போட்டவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன், அதில் ஒருவன் நானே.

இந்த இடத்தில்தான் நான் தொழில் தெரிந்தவன் என்ற திமிரில் ஒரு காரியம் செய்தேன். பெல்கூ சந்தையில் நான் தரகனாக இருந்த காலத்தில் வாங்குகிறவன் மூன்று தடவை கோபித்துக்கொண்டு எழுந்து போவான். போகத்தான் வேண்டும், போகாதவனை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் மெதுவாகப் போவான். ஏனென்றால் தரகன் பின்னாலேயே ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, இரண்டு பேர் கையையும் சேர்த்து வைத்து அறைவான் என்று அவனுக்குத் தெரியும். லண்டன்காரர்கள் எழுந்து எழுந்து போவதை டிவியில் பார்த்தபோதெல்லாம் நான் மெர்வினிடம், "இது வழக்கந்தான் ஆபீசர், இப்ப ஒருத்தன் ஓடியாந்து சட்டையப் புடிப்பான் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷமாக ஒருத்தனும் ஓடி வரவில்லை. அது எனக்குப் புத்தியில் உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. நானும் கோபமாக எழுந்தேன், தொப்பியைப் போட்டேன், முன்வாசல் வழியாக மெதுவாக நடந்து கேட்டண்டை போய் மழையில் நின்றேன். நின்றேன், நின்றேன், மழை தொப்பியைத் தாண்டி, தலையைத் தாண்டி, கழுத்துக்குள் இறங்குகிறது, உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. என்ன ஆணவம் இவனுக்கு என்று கொதித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால், பின்வாசலுக்கு வெளியே உன் அப்பன் அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நனைந்துகொண்டு நிற்கிறான். அவனும் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறான், வேறு வாசல் வழியாக. சமையலறையில் கெட்டில் கொதித்துத் தண்ணீர் வற்றி அடியில் கறுத்துப்போயிருந்தது. பேச்சுவார்த்தை மேசையில் நாய் மட்டும் இருந்தது. இறைச்சித் தட்டைச் சுத்தமாக முடித்திருந்தது.

"நீ ஏன்டா வெளிய வந்த?" என்றேன்.

"நீ போனப்புறம் நான் மட்டும் உள்ள இருந்தா மரியாதையா?" என்றான்.

ஆகவே தரகன் இல்லாமல் காரியம் ஆகாது என்று தெரிந்தது. என் வழக்குக்கு நானே தரகனாக முடியாது. அடுத்த ஞாயிறு மெர்வினைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேர் மணிக்கட்டையும் பிடித்து, நடுவில் கொண்டுவந்து, அறைய வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று பாலம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் மெர்வின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேர் மணிக்கட்டையும் பிடித்தார். பிடித்த பிடி இருக்கிறதே கீரன், அது தரகன் பிடி இல்லை, சாவடிப் பிடி. மாலக்கிக்கு முகம் வெளுத்து, "என்கிட்ட ஒண்ணும் இல்ல ஆபீசர், வண்டிய வேணா பாத்துக்குங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான் மட்டும் என்ன, மற்ற கையை எடுத்துக் கோட்டுப் பையை வெளியே இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எச்சில் துப்பவும் மாட்டேன் என்றுவிட்டார், சுகாதாரமாம். கடைசியில் அவர் ஒரு யோசனை சொன்னார்: மாட்டைப் பாலத்தின் மேலேயே கட்டிவிட்டால் எந்த அரசாங்கமும் அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. கேட்பதற்குப் பெரிய இடத்து யோசனை மாதிரியே இருந்ததால் சரியென்று பிஷப்பை ஓட்டிக்கொண்டு மூன்று பேரும் பாலத்துக்குப் போனோம்.

(என் யோசனை தற்காலிக ஏற்பாட்டுக்கு மட்டுமே. இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தேன். — மெ. எ.)

பிஷப் பாலத்தின் சரிபாதியில் போய் நின்றார். தலையும் முன்னங்கால்களும் வயிறும் லண்டன், பின்னங்கால்களும் வாலும் டப்ளின். அந்த நேரம் பார்த்து ஒரு டிவிக்காரர் வண்டி. இந்த இலையுதிர்காலம் முழுக்க இந்த வட்டாரத்தில் வேலிப்படலைக்கூட விடாமல் படம் பிடிக்கிறார்கள். சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் இறங்கி வந்து, "ஐயா, ஐரோப்பா எந்த எடத்துல முடியுது, காட்ட முடியுமா?" என்று கேட்டாள்.

"இப்போதைக்கு வாலுக்குக் கொஞ்சம் முன்னாடிம்மா," என்றேன்.

பிஷப்பை மாலக்கி வீட்டுக்கே திரும்ப ஓட்டினோம், அன்று இரவு அந்தப் படம் எல்லா வீட்டு டிவியிலும் ஓடியது. நான் பேசினதைக் காட்டினது போதாதென்று பிஷப்பின் முகத்தைப் பக்கத்தில் காட்டினார்கள், இடது காதில் ஒரு தோடு, வலது காதில் ஒரு தோடு, இரண்டும் பளிச்சென்று. மூன்றாம் நாள் கால்நடை இலாகாவிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்துவிட்டார். பூட்ஸில் மண்ணே இல்லை. நல்ல பிள்ளை, குற்றம் சொல்ல முடியாது. எங்கள் இரண்டு பேரையும் மாலக்கி வீட்டுச் சமையலறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்.

"மாடு யாருது?"

"ரெண்டு பேருது."

"எந்த நாட்டு மாடு?"

"அது இப்ப மேயுற எடத்தப் பொறுத்து," என்றான் மாலக்கி.

"இனவிருத்திக்கா வச்சிருக்கீங்க? வருஷத்துக்கு எத்தனை கன்னு?"

"நெறைய," என்றேன். "நெறைய," என்றான் மாலக்கியும், அதே மூச்சில்.

"நெறையன்னா?"

"நீங்க டீ குடிங்க சார், மழை வலுக்கப்போகுது," என்றான் உன் அப்பன்.

என்ன கேள்வி கேட்கிறார்கள் பார். என் தொழுவத்தில் இருக்கிற கன்று ஒவ்வொன்றும் பிஷப்பின் கன்றுதான், நடையைப் பார்த்தாலே தெரியும். இரண்டு வருஷமாகச் சிலது சிவப்பாகவும் சிலது வெள்ளையாகவும் விழுகிறது என்பது உண்மை. அதற்குச் சீதோஷ்ணம் காரணம். முன்னே மாதிரியா மழை பெய்கிறது. இந்தக் காலத்தில் ஊரெல்லாம் சினை ஊசி, காளை முகத்தையே பார்க்காத பசுக்கள். நம் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை என்று நீ அங்கே தைரியமாகச் சொல்லலாம்.

(இந்த இடத்தில் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு வந்தார். வெயில் கண்ணைக் கூசுகிறதாம். — மெ. எ.)

எங்கே விட்டேன். அந்தப் பிள்ளை சொன்னது என்னவென்றால், பேச்சுவார்த்தை முறிந்து அந்த இரவு கதவு சாத்தப்பட்டால், பிஷப் அதன்பின் வேற்று நாட்டு மாடு. பாலம் தாண்ட வேண்டுமானால் டாக்டர் சான்றிதழ் வேண்டும், தனிக் கொட்டிலில் வைத்துப் பார்க்க வேண்டும், பரிசோதனைக்குத் துறைமுகத்துக்குக்கூடக் கொண்டுபோக வேண்டி வரலாம். "இந்தப் பாலத்தத் தாண்டக் கப்பலா?" என்று கேட்டேன். "விதி வந்தாத்தான் தெரியும் ஐயா, எனக்கே இன்னும் சொல்லல" என்றார். அப்புறம் நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வயசும் ஆயிடுச்சு. எடைக்கு நல்ல வெலை போறப்பவே வெட்டுக்கு அனுப்பிட்டு ஆளுக்குப் பாதியா எடுத்துக்கலாமே" என்றார்.  மாலக்கி எழுந்து போய், அந்தப் பிள்ளை முன்னால் இருந்த திராட்சை ரொட்டித் தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். அதைப் பார்த்து அவர் புறப்பட்டுவிட்டார். உன் அப்பனிடம் எனக்குப் பிடித்த காரியங்களைச் சொல் என்றால் அதைச் சொல்வேன். பெரிய பட்டியல் வராது.

போகும்போது வாசலில் மாலக்கி, "அப்ப நவம்பர் ஒண்ணு?" என்றான்.

"வேற எந்த நாளு?" என்றேன்.

"இல்ல, வாங்கி வைக்கணும்ல. முட்டைக்கோஸ்."

"இந்தத் தடவை என் வீட்ல. நான்தான் வாங்கணும்."

"ஆமா. மறந்துட்டேன்," என்றான். மறந்திருக்க மாட்டான். ஷில்லிங்கைக் கோட்டுப் பையில் கைக்குள் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான், சத்தம் கேட்டது. இந்த முறை கொடுக்க வேண்டியது அவன்.

ஆகையால் கீரன், நான் கேட்பது ஒரே ஒரு உதவி. நீ பெரிய வேலையில் இருக்கிறாய் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், வீண்போகக் கூடாது. அந்தக் கட்டடத்தில் லண்டன்காரர்களும் ஒன்றியத்துக்காரர்களும் ஒருவர் இருக்கிற மாடிக்கு ஒருவர் போகாமல் காகிதம் மட்டும் அனுப்பிக்கொள்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். தரகன் இல்லாத சந்தை. பெல்கூவில் ஒரு தடவை இரண்டு பிடிவாதக்காரர்களை ஓர் எருதோடு சேர்த்து ஆட்டுப்பட்டிக்குள் தள்ளி நான் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். எருது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது, அவர்கள் மறுபக்கம் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று, மூக்கும் மூக்கும் இடிக்க எவ்வளவு நேரம் ஒருவன் கோபமாக இருக்க முடியும், சீக்கிரமே கையடித்துவிட்டார்கள். உன்னிடம் ஆட்டுப்பட்டி இல்லை, லிஃப்ட் இருக்கிறது. இரண்டு தரப்பிலும் தலையாட்டினால் காரியம் நடக்கிற ஆளாகப் பார்த்து ஆளுக்கொருவர் ஒரே லிஃப்டில் ஏறும் நேரம் பார்த்து இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிடு. பழுது என்று சொல். உன் தொழில், யார் சந்தேகப்படப் போகிறார்கள். உள்ளே ஒரு பிளாஸ்கில் டீயும் திராட்சை ரொட்டியும் முன்கூட்டியே வைத்துவிடு, பசியோடு இருக்கிறவன் இறங்கி வர மாட்டான். மெர்வின் மாதிரி ஆள் யாரையும் உள்ளே விடாதே. கையடிக்கிற சத்தம் கேட்டால் கதவைத் திற. அவர்கள் எதை விட்டுக் கொடுத்தார்கள், எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். போகிறவர்கள் போகட்டும், இருக்கிறவர்கள் இருக்கட்டும். இந்தப் பாலத்தின் மேல் சாவடிக் கொட்டகை ஒன்றும் வரக் கூடாது, பிஷப் நவம்பரில் வரவேண்டும், மே மாதம் போகவேண்டும். அது மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்.

உன் அப்பன் உனக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருந்தால் அதை நம்பாதே, அவனுக்கு மிகைப்படுத்துகிற பழக்கம் உண்டு. அவனுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மழையில் நின்றதில் கொஞ்சம் இருமல். நான் கேட்டதாக அவனிடம் சொல்ல வேண்டாம். உன் வீட்டுக்காரிக்கு என் வணக்கம். பிள்ளைகள் தலையில் என் கையை வைத்ததாக நினைத்து உன் கையை வை. தூய பிரிஜித் உங்கள் அடுப்பையும் கூரையையும் லிஃப்டுக் கயிறுகளையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கீழே பெருக்கல் குறி போட்டிருக்கும்
உன் தாய்மாமன்
பார்னி காசிடி
×

பின்குறிப்பு: தம்பி கீரன், இது உங்கள் மாமா சொன்னது அல்ல. அவர் டீ போட உள்ளே போயிருக்கிறார். மேலே உள்ளதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிவிட்டேன். ஆனால் தவறு என்று தெரிந்த சரக்கை ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவைத்து எனக்குப் பழக்கம் இல்லை.

பிஷப் நாலு வருஷமாக எந்தப் பசுவையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பெயருக்கேற்ற ஒழுக்கம். உங்கள் மாமா தொழுவத்தில் இருக்கும் கன்றுகளும் சரி, உங்கள் அப்பா தொழுவத்தில் இருப்பவையும் சரி, அத்தனையும் சினை ஊசிக் கன்றுகள். என் வீடு மேட்டில் இருக்கிறது. வேலையை விட்டாலும் சாலையைப் பார்க்கிற பழக்கத்தை விட முடியவில்லை. செவ்வாய்க்கிழமை உங்கள் அப்பா சந்தைக்குப் போகிறேன் என்று கிளம்பியதும் வடக்குப் பக்கத்து ஊசிக்காரரின் வெள்ளை வேன் இந்த வீட்டுக் கொல்லைக்கு வரும். வியாழக்கிழமை உங்கள் மாமா என்னோடு சீட்டுக்கு உட்கார்ந்ததும் தெற்குப் பக்கத்து வேன் உங்கள் அப்பா வீட்டுக்குப் போகும். இருவரும் மற்றவருக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் தனித்தனியாகச் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள்.

இருவருக்குமே தெரியும். உங்கள் அப்பாவுக்குச் சந்தையில் விற்கவும் வாங்கவும் ஒன்றும் கிடையாது. டிராக்டரை வளைவில் நிறுத்திவிட்டு, இந்த வீட்டை விட்டு வேன் போகும்வரை புகைக்குழாய் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு, இந்தக் கடிதத்தின் நடுவில், ஓடைக்கு அந்தப் பக்கம் வேன் வந்து நின்றது. பிஷப் வேலியோரம் அசைபோட்டபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் உங்கள் மாமாவுக்கு வெயில் கூசியது. நான் பார்த்துவிடக் கூடாது என்று. மேலே தேதிக்குக் கீழே பாருங்கள், மழை என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

ஆக, அந்த மாடு பாலம் தாண்டுவது கன்றுக்காக அல்ல. பின் எதற்காக என்று கேட்டால், முப்பது வருஷம் சரக்கு வகை பிரித்தவன் நான், இதை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தீர்வை கிடையாது என்று மட்டும் தெரிகிறது.

லிஃப்டை வேண்டுமென்றே நிறுத்துவது சட்டப்படி குற்றம். ஓய்வு பெற்ற அதிகாரி என்ற முறையில் அதை நான் சிபாரிசு செய்ய முடியாது.

"விலாசம் எழுத இவ்ளோ நேரமா ஆபீசர்?" என்று உள்ளேயிருந்து கேட்கிறார். பிரஸ்ஸல்ஸ் விலாசம் நீளம் என்று சொல்லியிருக்கிறேன்.

நிறுத்துவதானால் தரைத்தளத்துப் பக்கம் வேண்டாம், உயரத்தில் நிறுத்துங்கள். கதவைத் தட்டினால் கீழே கேட்காது.

— மெ. எ.